விழித்திருக்கும் பென்னி

கண்ணைத் திறந்து வைத்திருப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர் பென்னி. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கேட்டில் இரவுக் காவல். உடம்பில் இருக்கிற விழிப்பையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு வருவதால் வீட்டுக்கென்று எதுவும் மிஞ்சுவதில்லை. காலையில் ஊரப்பாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கி, பாதித் தூக்கத்தில் நடந்து வந்து, பாதித் தூக்கத்தில் டீயைக் குடித்து, பாயில் சாய்ந்தாரானால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பார். மனைவி ரோஸி விடிந்ததும் தாம்பரத்து எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போய்விடுவாள். மகள் ஜோசலின் காலேஜுக்கு. அவர்கள் இருவரும் வீடு திரும்பும்போது பென்னி மறுபடியும் கேட்டுக்குப் போயிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சர்ச்சில் பாஸ்டர் ‘ஜெபிப்போம்’ என்று சொன்னதும் குனிகிற பென்னியின் தலை, ஆமென் சொல்லி முடித்த பிறகும் நிமிராது. சபையில் அவருக்கு நல்ல பக்திமான் என்று பேர். ரோஸியும் அந்தப் பேரைக் கெடுக்கவில்லை.

இந்த வருஷம் ஜோசலின் பல்லாவரம் ரேடியல் ரோட்டில் இருக்கும் ஒரு டிசைன் காலேஜில் இல்லஸ்ட்ரேஷன் முதலாண்டு சேர்ந்திருந்தாள். அது என்ன படிப்பு என்று கேட்ட பெரியம்மாவுக்கு, கதைக்கும் புத்தகத்துக்கும் படம் போடுகிற படிப்பு என்று விளக்கினாள். முடித்தால் டிராயிங் மாஸ்டர் வேலை கிடைக்குமா என்று பெரியம்மா கேட்டாள். கிடைக்கும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள். வேறு யாருக்கும் விளக்குகிற தெம்பு அவளுக்கு இல்லை.

பிடித்ததைப் படித்தால் களைப்பே தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு வந்த யாரோ பேசிவிட்டுப் போயிருந்தார். அந்த மகராசன் ஆளுயரப் போர்ட்ஃபோலியோ பையைத் தூக்கிக்கொண்டு காலை நேரத்துச் செங்கல்பட்டு லோக்கலில் ஒரு நாளும் ஏறியிருக்க மாட்டார். பெரிய தாள்கள் மடங்காமல் இருப்பதற்காகத் தைத்த கறுப்புப் பை அது. கதவு அகலத்துக்கு இருக்கும். முன்னால் பிடித்தால் முன்னால் நிற்கிறவளின் இடுப்பில் இடிக்கும், பின்னால் போட்டால் பின்னால் இருப்பவளின் சாப்பாட்டுக் கூடையில் இடிக்கும். லேடீஸ் பெட்டியில் அவள் வாங்காத வசவு இல்லை.

ஒரு நாள் வண்டலூரில் ஏறிய ஒரு அம்மா அந்தப் பையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரேவா கண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போறியா என்று கேட்டாள். ஜோசலின் வாயைத் திறப்பதற்குள் உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்து இடம் கொடுத்துவிட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ராத்திரியெல்லாம் அசைன்மென்ட் போட்ட உடம்பு அதைச் சொல்ல விடவில்லை. உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகும் யாராவது கேட்டால் தலையை ஆட்டாமல், மறுக்காமல், கொஞ்சம் சோர்வாகப் பார்ப்பாள். சோர்வுக்கு நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

காலேஜிலும் பாடுதான். மற்ற பிள்ளைகள் டேப்லெட்டில் வரைந்தார்கள். தப்பாகப் போனால் ஒரு தட்டுத் தட்டினால் அழிந்துவிடும். ஜோசலினுக்குப் பென்சிலும் ரப்பரும். வெள்ளிக்கிழமைதோறும் எல்லார் படத்தையும் சுவரில் குத்திவைத்து ஆளாளுக்குக் குறை சொல்வார்கள். அந்தச் சடங்குக்கு க்ரிட் என்று பேர். வகுப்பு எடுத்த ஸ்ரீவித்யா மேடமும் களைத்தவர்தான். ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்து குடித்துக்கொண்டே சுவர் ஓரமாக நடப்பார். ஜோசலின் படத்துக்கு முன்னால் வந்ததும் எப்போதும் ஒன்றைத்தான் கேட்பார்.

“நல்லா வந்திருக்கு. ஆனா இதை யாருக்கு வரைஞ்சே? பார்த்ததை அப்படியே போட்டா அது டிராயிங். ஒருத்தர்கிட்ட ஒண்ணைச் சொல்லணும்னு போட்டாதான் இல்லஸ்ட்ரேஷன்.”

யாருக்கு என்று ஜோசலினுக்குத் தெரியவில்லை. மார்க்குக்கு என்பதுதான் உண்மை. அதை எப்படிச் சொல்வது?

முதல் செமஸ்டருக்குப் பெரிய அசைன்மென்ட் ஒன்று கொடுத்தார்கள். ஒரே ஒரு மனுஷரைத் தேர்ந்தெடுத்து, செமஸ்டர் முழுக்க அவரை மட்டும் நேரில் பார்த்து வரைய வேண்டும். போட்டோ பார்த்து வரையக்கூடாது. ஒருத்தி கோயம்பேட்டுப் பூக்காரியைத் தேர்ந்தெடுத்தாள். ஒருத்தன் தன் நாட்டிய டீச்சரை. ஜோசலினுக்கு ஊரைச் சுற்றி ஆள் பிடிக்க நேரமும் இல்லை, உடம்பில் வலுவும் இல்லை. வீட்டில் ஒருவர் அசையாமல் கிடந்தார். தூங்குகிறவன் தொடையில் கயிறு திரித்தவரை லாபம் என்பார்கள். அவள் அப்பாவைத் திரிக்க ஆரம்பித்தாள்.

காலையில் பென்னி சாய்ந்ததற்கும் அவள் ரயிலுக்கு ஓடுவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் கிடைக்கும். தினமும் வரைந்தாள். ஒருக்களித்துத் தூங்குகிற பென்னி, மல்லாந்து தூங்குகிற பென்னி, வாய் பிளந்து தூங்குகிற பென்னி. ஷூ கடித்துக் காய்த்துப்போன குதிகால், சாக்ஸ் எலாஸ்டிக் பதிந்த கணுக்கால், பெல்ட்டைத் தளர்த்திய வயிறு. தன் காது எப்படி இருக்கும் என்று கேட்டால் யோசித்திருப்பாள். அப்பாவின் காதைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். ரோஸிக்கு இது பிடிக்கவில்லை. தூங்குகிற மனுஷனைப் படமாகப் போட்டால் பார்க்க நன்றாகவா இருக்கிறது, செத்தவனைப் போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். பென்னியிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லலாம் என்றால் அவர் விழித்திருக்க வேண்டுமே.

ஒரு நாள் பென்னி பாய்வரைக்கும்கூடப் போகவில்லை. ஷூவைக் கழற்றுவதற்காக வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர், ஒரு லேஸை அவிழ்த்த கையோடு அப்படியே தூங்கிப்போனார். தலையில் தொப்பி, தோளில் அவரைக் காவலுக்கு அனுப்புகிற செக்யூரிட்டி ஏஜென்சியின் பேர் தைத்த பட்டை, மடியில் விரிந்த கை. ஜோசலினுக்கு அன்றைக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதே சமயம் இப்படி ஒரு படம் இனிமேல் கிடைக்காது என்றும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்தேதான் வந்தன. ரயிலை விட்டுவிட்டு வரைந்தாள்.

சுவரில் குத்தியபோது ஸ்ரீவித்யா மேடம் காபியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். பின்னால் இருக்கிற காலண்டர், சுவரில் மாட்டிய குடை, சுருட்டி வைத்த பாய் எதுவுமே வேண்டாம், ஆளும் நாற்காலியும் போதும் என்றார். ஜோசலின் வீட்டை முழுக்க அழித்தாள். ரப்பர் தேய்ந்தது, படம் எழுந்து நின்றது. அடுத்த வாரமே காலேஜ் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் முதலாண்டு மாணவர்களின் வேலை என்று அதைத்தான் போட்டார்கள். அன்று சாயங்காலம் ரயிலில் அந்தப் பை அவளுக்குக் கனக்கவே இல்லை. எக்ஸ்ரேவா என்று கேட்டவளிடம், இல்லைங்க, நான் வரைஞ்ச படம் என்று சொல்லிவிட்டு, ஊரப்பாக்கம்வரை சந்தோஷமாக நின்றுகொண்டே போனாள்.

இரண்டு நாள் கழித்து வகுப்பு நடுவில் போன் அடித்தது. அப்பா. இந்த நேரத்தில் அவர் பாயில் இருக்க வேண்டியவர். வெளியே ஓடிப்போய் எடுத்தாள்.

“ஜோசு, நீ இன்னாவோ என்னைப் படம் போட்டியாமே?” என்றார் பென்னி. குரலில் கோபம் இல்லை. வெட்கப்படுகிறவர் மாதிரிப் பேசினார். “அதை எடுத்துடச் சொல்றியாம்மா? இங்க ஆபீஸ்ல பெரிய பேஜாராகீது.”

காலையில் டூட்டி முடிந்ததும் ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். தாம்பரத்து ஆபீசில் உட்கார வைத்திருக்கிறார்கள். கம்பெனியில் யாரோ அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் ஏஜென்சி ஆள் யூனிஃபார்மோடு தூங்குவதைப் படம் வரைந்தே போட்டிருக்கிறார்களே என்று அனுப்பியிருக்கிறார்கள். இன்று ராத்திரி முதல் டூட்டி இல்லை என்றும் சொல்லியாகிவிட்டது.

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டு வந்தவள் தானேதான் என்று ஜோசலினுக்குப் புரிந்தது. ஸ்ரீவித்யா மேடத்திடம் சொன்னாள். மேடம் மறுபேச்சுப் பேசாமல் அப்போதே படத்தை எடுக்க வைத்தார். போட்டவர்கள் எடுக்கலாம். பார்த்தவன் போனில் இருப்பதை யார் எடுப்பது? பையைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்துக்கு ரயில் ஏறினாள்.

ஏஜென்சி ஆபீஸ் முடிச்சூர் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறினால் ஒரு வராந்தா, சுவரோரம் ஒரு பெஞ்ச், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். பெஞ்சில் பென்னி யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்தார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். சாப்பிட்டியா என்று தரையைப் பார்த்துக் கேட்டார். அவர் சாப்பிடவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

உள்ளே மேனேஜர் சத்யநாராயணன். ஏர்ஃபோர்ஸில் இருந்து ரிட்டையர் ஆனவர். மீசையும் மேஜையும் ஒரே ஒழுங்கில் இருந்தன. ஜோசலின் அழாமல் சொல்லி முடித்தாள். அது கேட் இல்லை சார், எங்கள் வீடு. டூட்டி முடிந்து வந்த பிறகு தூங்கினதைத்தான் வரைந்தேன். அவர் தன் போனை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“வீடுங்கறே. சரி. இதுல வீடு எங்கம்மா இருக்கு?”

ஜோசலின் பார்த்தாள். காலண்டர் இல்லை. குடை இல்லை. பாய் இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதற்கு ஏது ஊர், ஏது வீடு? எந்த கேட்டிலும் கிடக்கிற நாற்காலி. தோள்பட்டையில் ஏஜென்சி பேரை மட்டும் எழுத்து எழுத்தாக, அத்தனை அக்கறையாகப் போட்டிருந்தாள்.

சட்டென்று பையைப் பிரித்து மற்ற படங்களையெல்லாம் மேஜைமேல் போட்டாள். அதிலெல்லாம் வீடு இருந்தது. சத்யநாராயணன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். புரட்டப் புரட்ட அவருடைய மீசை கீழே இறங்கிக்கொண்டே வந்தது.

“இத்தனை படம் போட்டிருக்கியே. ஒண்ணுலகூட இந்த மனுஷன் முழிச்சிட்டு இல்லையேம்மா.”

அவர் படங்களை அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து திருப்பிக் கொடுத்தார். தான் நம்புவதாகச் சொன்னார். வீட்டில் நன்றாகத் தூங்குகிற ஆள்தான் கேட்டில் விழித்திருப்பான், தனக்கு அது தெரியும். ஆனால் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு படத்தை அனுப்பிய பையனுக்குத் தெரியாதே. அவனுக்கு வேண்டியது விளக்கமில்லை, அவன் மேலதிகாரிக்கு அனுப்ப ஒரு படம்.

“அதே நாற்காலி, அதே தொப்பி, அதே ஆள். கண்ணு மட்டும் திறந்திருக்கணும். காலேஜ் பக்கத்துலயே போடச் சொல்லு. அது பாதி, இது மீதி, மொத்தமா ஒரு வாட்ச்மேனோட ஒரு நாள்னு நான் சொல்லிக்கறேன். சாப்பிட்டுட்டு வர்றேன். அதுக்குள்ள முடியுமா?”

முடியும் என்றாள். முடியாது என்று சொல்கிற இடத்திலா இருந்தாள்?

வராந்தாவில் பென்னியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தாள். தொப்பியைச் சரிசெய்தாள். சும்மா நேராகப் பார்த்துக்கொண்டு இரு, சீக்கிரம் முடித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தாள். பென்னி போட்டோ ஸ்டூடியோவில் உட்காருகிற மாதிரி முழங்காலில் கையை ஊன்றி விறைத்து உட்கார்ந்தார். தோள், பட்டை, கை, பித்தான், காது எல்லாம் தானாக வந்தன. இத்தனை நாள் திரித்த கயிறு அல்லவா. முகத்தின் ஓரத்தை முடித்து, கண்ணுக்கு வந்து, நிமிர்ந்து பார்த்தாள்.

பென்னி தூங்கிவிட்டிருந்தார்.

“அப்பா” என்றாள். ஒரு நொடி இமை பிரிந்தது. உள்ளே சிவப்பாக ஏதோ தெரிந்தது. “இருக்கேன் சார்” என்றார். இமை விழுந்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் அதேதான். ராத்திரி முழுக்கக் கேட்டில் நின்று, காலை முழுக்க இந்தப் பெஞ்சில் வேலை போகுமா நிற்குமா என்று உட்கார்ந்திருந்த உடம்பு அது. பிடித்து உலுக்கியிருக்கலாம். அவளுக்கு மனசு வரவில்லை.

தாளில் இரண்டு இடம் வெள்ளையாக இருந்தது. அப்பாவின் கண் எப்படி இருக்கும் என்று யோசித்தாள். பெரிதா, சின்னதா? புருவத்துக்கு எவ்வளவு கீழே? யாரையாவது பார்க்கும்போது கண்ணைச் சுருக்குவாரா? குதிகாலின் காய்ப்பெல்லாம் ஞாபகம் இருந்தது. இது ஒன்று இல்லை. தன்னைப் பெற்றவர் தன்னைப் பார்த்த பார்வை ஒன்றுகூட நினைவுக்கு வராதது அவளுக்குத் துக்கமாக இருந்தது. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மேனேஜர் எந்த நேரமும் வந்துவிடலாம்.

அப்போதுதான் பெரியம்மா சொல்வது நினைவுக்கு வந்தது. கல்யாணம், ஞானஸ்நானம், எங்கே பார்த்தாலும் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பி, அப்பன் கண்ணைத் தோண்டி எடுத்து வைத்த மாதிரி இருக்கிறது என்பாள்.

ஜோசலின் போனை எடுத்து முன்பக்கக் கேமராவைத் திறந்து பெஞ்சில் சாய்த்து வைத்தாள். தன் கண்ணைப் பார்த்தாள். வெள்ளை விழி சிவந்து, ஓரத்தில் நரம்பு ஓடி, கீழே கருவளையம் கட்டியிருந்தது. கொஞ்சம் வயசைக் கூட்டிப் போட வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் பென்சிலை வைத்தாள். எதையும் கூட்ட வேண்டியிருக்கவில்லை. இருந்ததை இருந்தபடி போட்டதும் பென்னியின் முகத்தில் அது அப்படியே பொருந்தி உட்கார்ந்துகொண்டது.

இது யாருக்கு என்று இந்த முறை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

படியில் ஷூ சத்தம் கேட்டது. அப்பாவை எழுப்புவதற்குள் சத்யநாராயணன் மேலே வந்துவிட்டார். நாற்காலியில் தொப்பியோடு தூங்குகிறவரைப் பார்த்தார். தாளில் தொப்பியோடு விழித்திருக்கிறவரைப் பார்த்தார். மறுபடியும் நாற்காலியைப் பார்த்தார். அவர் போனை எடுத்துத் தாளை மட்டும் போட்டோ பிடித்தார்.

“காலேஜ்லயும் போடச் சொல்லிடு” என்றார், குரலைத் தணித்து. “ராத்திரி டூட்டிக்கு வரட்டும். இப்போ எழுப்பாதே. கொஞ்சம் கழிச்சுக் கூட்டிட்டுப் போ.” பிறகு வராந்தா மின்விசிறியைப் போட்டுவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

தாம்பரம் பிளாட்பாரத்தில் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தபோது பென்னி அந்தப் படத்தைக் கேட்டார். பையைத் திறந்து கொடுத்தாள். தூங்கினதில் கொஞ்சம் தெளிந்திருந்தார். மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். சட்டைப் பித்தானைத் தொட்டுப் பார்த்தார், தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்தார். கண்ணுக்கு வந்ததும் விரல் நின்றது.

“எல்லாம் நான்தான். கண்ணு மட்டும் நான் இல்ல.”

“நீ தூங்கிட்டேப்பா. என்னோடதைப் பார்த்துப் போட்டேன்.”

பென்னி படத்தை விட்டுத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். இப்போதுதான் பார்ப்பது போலப் பார்த்தார்.

“நீ எப்போ பாப்பா தூங்குறே?”

அவள் படத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள். செங்கல்பட்டு வண்டி வந்தது. பொதுப் பெட்டியில் ஏறினார்கள். பையைப் பார்த்த யாரோ, ஆஸ்பத்திரியிலிருந்தா என்று கேட்டுத் தள்ளி உட்கார்ந்து இரண்டு பேருக்கும் இடம் கொடுத்தார். ஆமாம் சார் என்று பென்னியே சொன்னார். பையை வாங்கித் தன் காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டார்.

பெருங்களத்தூர் வந்தது ஜோசலினுக்குத் தெரியாது. வண்டலூரும் தெரியாது. தோளைத் தட்டி, எழுந்திரும்மா, ஊர் வந்துடுச்சு என்றபோதுதான் விழித்தாள். அப்பாவின் முகம் மிகக் கிட்டத்தில் இருந்தது. கண் திறந்திருந்தது. ஸ்டேஷனை விட்டுவிடக் கூடாதென்று வழி முழுக்க இமைக்காமல் காத்த கண். இடது கண் வலதைவிடக் கொஞ்சம் சின்னது. அவள் இரண்டையும் ஒரே அளவாகப் போட்டிருந்தாள்.